வேலியில் பூக்கும் செங்காந்தளும் கால் கட்டைவிரல் வலியும்

கேள்வி:

எனக்கு ஊர் தொரப்பள்ளி. ஓசூர் சிப்காட்டில் சிஎன்சி ஆபரேட்டராக வேலை பார்க்கிறேன். வயது 46. போன தை மாதம் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவனுக்கு வலது கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலி. யூரிக் அமிலம் 9.1 என்று வந்தது. கௌட் என்று சொல்லி டாக்டர் கோல்சிசின் 0.5 மி.கி. மாத்திரை எழுதினார். மூன்று நாளில் வலி இறங்கிவிட்டது, வயிறுதான் கலங்கிப்போனது.

மருந்துக் கடைத் தம்பி, "இது கண்வலிக்கிழங்குல இருக்கிற சரக்குதாண்ணா" என்றான். அந்தக் கொடி எங்கள் வேலியிலேயே தானாக ஏறி ஆவணி முதல் கார்த்திகை வரை பூக்கிறது. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா அதை 'கௌரி ஹூவு' என்று பண்டிகைக்குப் பறித்துப் போவார். விஷயத்தைத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் நாட்டு மருந்து கொடுக்கும் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். கிழங்கை மோரில் ஊறவைத்து இடித்த பொடி என்று ஒரு டப்பா கொடுத்தார். தினம் ஒரு சிட்டிகை தேனில் குழைத்துச் சாப்பிடச் சொன்னார். "சித்தர்கள் வாதத்துக்கு எழுதி வெச்சதைத்தான் வெள்ளைக்காரன் மாத்திரையாக்கி நமக்கே விக்கிறான்" என்றும் சொன்னார். பொடியை இன்னும் தொடவில்லை. சாப்பிடலாமா? அவர் சொன்ன வரலாறு உண்மையா? மூலனூரில் இருக்கும் என் மாமா, ஒரு ஏக்கரில் இதையே போடு, நல்ல காசு என்கிறார். அதற்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

– வாசகர், தொரப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

முதலில் பொடி. சாப்பிடாதீர்கள். குப்பையிலும் கொட்டாதீர்கள். ஆடு, கோழி கிளறாத இடமாகப் பார்த்து ஆழமாகக் குழி எடுத்துப் புதைத்துவிடுங்கள். டப்பாவைக் கழுவி மிளகாய்த்தூள் போட்டு வைக்கலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால் அதற்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

கடைத் தம்பி சொன்னது சரி. கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, செங்காந்தள் என்று நாம் சொல்வதெல்லாம் ஒரே கொடிதான். வடமொழியில் லாங்கலி, தெலுங்கில் அடவிநாபி. அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் இருக்கிறது. உங்கள் மாத்திரையிலும் அதே கோல்சிசின்தான். ஆனால் மாத்திரையில் 0.5 மில்லிகிராம் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். காய்ந்த கிழங்கில் பொதுவாக 0.1 முதல் 0.3 சதவீதம் வரை இருக்கும். அதாவது ஒரு கிராம் பொடியில் இரண்டு மாத்திரையின் சரக்கும் இருக்கலாம், ஆறு மாத்திரையின் சரக்கும் இருக்கலாம். மண், பருவம், கிழங்கின் வயது எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். பெரியவரின் சிட்டிகையும் உங்கள் சிட்டிகையும் ஒன்றாக இருக்கப்போவதில்லை.

"மோரில் ஊறவைத்தாரே, நஞ்சு போயிருக்காதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கிழங்கைச் சீவி, உப்புப் போட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்துப் பகலில் காயவைப்பது, இப்படி ஏழு நாள் செய்வது நம் மருத்துவத்தில் உள்ள சுத்தி முறைதான். அதில் விஷயம் இருக்கிறது. கோல்சிசின் தண்ணீரில் கரையும். திரும்பத் திரும்ப ஊறினால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஆனால் இங்கே ஒரு முடிச்சு உண்டு. உங்கள் கட்டைவிரல் வலிக்கு மருந்தும் அந்தக் கோல்சிசின்தான், உயிருக்கு உலை வைப்பதும் அதேதான். பெரியவர் ஒழுங்காகச் சுத்தி செய்திருந்தால் அந்தப் பொடியால் உங்கள் கௌட்டுக்குப் பெரிய பயன் இல்லை. அரைகுறையாகச் செய்திருந்தால் பயன் இருக்கும், கூடவே ஆபத்தும் இருக்கும். எப்படிச் செய்தார் என்பது டப்பாவைத் திறந்து பார்த்தால் தெரியாது.

நஞ்சு ஏறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேலியில் கொடி இருக்கும் வீடு உங்களுடையது. சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடிக்கும். காலரா மாதிரி நீராகப் போகும். இரண்டு நாளில் அது தணிவது போலத் தோன்றும். பிழைத்துக்கொண்டார் என்று வீட்டார் நினைக்கும் அந்த நேரத்தில்தான் ரத்த அணுக்கள் சரியத் தொடங்கும், சிறுநீரகமும் இதயமும் தள்ளாடும். இதையும் தாண்டி வந்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். இலங்கையில் இந்தக் கிழங்கைத் தின்றவருக்கு உடம்பு முழுவதும் முடி உதிர்ந்ததைக் குணரத்ன என்ற மருத்துவர் 1966-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருக்கிறார். செல் பிரிவதையே கோல்சிசின் நிறுத்திவிடுகிறது. அதனால் எலும்பு மஜ்ஜை, குடல், முடிவேர் என்று வேகமாகப் பெருகும் இடங்களில்தான் முதல் அடி விழும். முறிவு மருந்து என்று கையில் எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை. இலங்கையிலும் இங்கேயும் வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தோண்டி வேகவைத்துத் தின்றவர்கள் உண்டு. வேகவைத்தாலும் நஞ்சு சாகாது. உங்கள் வீட்டில் யாராவது, குழந்தையோ பெரியவரோ, வாயில் வைத்துவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கொடியின் ஒரு துண்டையும் கையோடு எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு அதுவே பாதி விடை.

இனி வரலாறு. பெரியவர் சொன்ன கதையை நானும் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். கேட்க இனிக்கும். பாதிதான் உண்மை.

சங்க காலத்தில் காந்தள் முதன்மையாக ஒரு பூ. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களின் வரிசை காந்தளில்தான் தொடங்குகிறது. மலைச்சாரல், முருகன், வெறியாட்டு, பெண்ணின் விரல் என்று அதைச் சுற்றியே ஓர் உலகம் இருக்கிறது. இன்றைக்கு அது தமிழ்நாட்டின் மாநிலப் பூ. உங்கள் பக்கத்து வீட்டு அம்மா அதைக் கௌரிக்குச் சாத்துவதும் அதே கொடியின் இன்னொரு மரியாதை.

மருத்துவத்தில் பார்த்தால், நம் ஆட்கள் இந்தக் கிழங்கை நஞ்சு வரிசையில் வைத்துத்தான் பேசினார்கள். ஆயுர்வேதம் இதை உபவிஷங்களில் ஒன்றாகச் சொல்கிறது. அங்கே இதற்கு உள்ள பெயர்களில் ஒன்று 'கருப்பத்தைக் கொல்வது' என்றே பொருள்படும். பெரும்பாலான பயன்பாடு உடம்புக்கு வெளியேதான். பிரசவம் தாமதமானால் கிழங்கை அரைத்துத் தொப்புளைச் சுற்றியும், உள்ளங்கை உள்ளங்காலிலும் பற்றுப் போட்டார்கள். குழந்தை வெளியே வந்த நொடியில் பற்றைத் துடைத்துவிட வேண்டும் என்பதில் மருத்துவச்சிகள் கறாராக இருந்தார்கள். தேள்கடி, பாம்புக்கடிக்குப் பூசினார்கள். தலைப்பேனுக்கும் சொறி சிரங்குக்கும் இலைச்சாறும் கிழங்கு விழுதும் போட்டார்கள். பற்றுப் போட்டுப் பிரசவம் பார்த்த காலம் போகட்டும், யாரும் அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம். நான் சொல்லவருவது, இந்தக் கிழங்கை அரைக்கும்போதே அவர்களுக்குப் பயம் இருந்தது. உள்ளுக்குக் கொடுத்தால் சுத்தி செய்து, மிகக் குறைவாக, வேறு சரக்குகளோடு சேர்த்துத்தான். 'தினம் ஒரு சிட்டிகை தேனில்' என்று வாயில் வந்ததைச் சொல்லும் பழக்கம் அந்த மரபில் இல்லை. இன்றைய சட்டமும் அந்தப் பயத்தை மதிக்கிறது. மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளில் நஞ்சுச் சரக்குகளுக்கான அட்டவணை இ(1)-இல் லாங்கலி இருக்கிறது. அது சேர்ந்த மருந்தை விற்பவர் 'மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும்' என்று லேபிளில் எச்சரிக்கை போட வேண்டும். உங்கள் டப்பாவில் லேபிளே இல்லை என்று நினைக்கிறேன்.

கட்டைவிரல் வீங்கும் இந்த நோய்க்கு நம் மரபில் மருந்து இல்லையா என்றால், உண்டு. ஆயுர்வேதம் இதை வாதரத்தம் என்று விரிவாகவே பேசுகிறது. ஆனால் அங்கே முதலில் கை போவது சீந்தில் கொடிக்கு. கண்வலிக்கிழங்குக்கு இல்லை.

அப்படியானால் கோல்சிசின் கௌட்டுக்கு எப்படி வந்தது? அது வேறு செடியின் கதை. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் கோல்சிகம் என்று ஒரு சிறு செடி உண்டு. இலையில்லாத காலத்தில் தரையிலிருந்து நேராகப் பூ மட்டும் கிளம்பும். நம் கொடிக்குத் தூரத்து உறவு. 6-ஆம் நூற்றாண்டிலேயே டிராலிஸ் ஊர் அலெக்சாண்டர் என்ற பைசாந்திய மருத்துவர் அதன் கிழங்கை மூட்டு வீக்கத்துக்குக் கொடுத்தார். அரபு மருத்துவர்கள் அதை 'சூரிஞ்சான்' என்று எடுத்துக்கொண்டார்கள். இப்னு சினாவின் நூலில் அது இருக்கிறது. யுனானி வழியாக அது இந்தியாவுக்கும் வந்தது. நாட்டு மருந்துக் கடையில் சூரிஞ்சான் என்று கேட்டுப் பாருங்கள், காஷ்மீர்ப் பக்கத்துச் சரக்கு இன்றும் கிடைக்கும். ஆக, கௌட்டுக்கு இந்த வகைக் கிழங்கு என்ற அறிவு நம் ஊருக்கு வந்தது ஹக்கீம்களின் கையில்தான் என்று சொன்னால் தவறில்லை.

ஐரோப்பியர்களும் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடவில்லை. பேதி பயத்தில் நடுவே பல நூற்றாண்டுகள் அந்தக் கிழங்கை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். 1763-இல் வியன்னாவில் ஸ்டோர்க் என்ற அரண்மனை மருத்துவர் அதை உடம்பில் நீர் கோத்த வீக்கத்துக்குக் கொடுத்துப் பார்த்து எழுதிய பிறகு மறுபடி பேச்சு எழுந்தது. அதற்குக் கொஞ்ச காலத்தில் பிரெஞ்சுப் படை அதிகாரி உசோன் என்பவர் கௌட்டுக்கு ஒரு 'மருந்துத் தண்ணீர்' விற்றுப் பெயரும் பணமும் சம்பாதித்தார். உள்ளே என்ன என்று சொல்லவே இல்லை. 1814-இல் லண்டனில் ஜான் வான்ட் என்ற மருத்துவர்தான் அது கோல்சிகம் சாறு என்று போட்டு உடைத்தார். இரகசியச் சூரணம் விற்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. 1820-இல் பாரிஸில் பெல்டியே, கவான்டு இருவரும் கோல்சிகத்திலிருந்து அந்த வேதிப்பொருளைப் பிரித்தார்கள். அதே ஆண்டில் சிங்கோனா பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தவர்களும் இதே ஜோடிதான். 1833-இல் கைகர் என்ற ஜெர்மானியர் அதற்குக் கோல்சிசின் என்று பெயர் வைத்தார்.

இவ்வளவு நடக்கும்போது நம் கொடி எங்கே இருந்தது? கேரளத்து 'மேந்தோன்னி'யாக டச்சுக்காரர் வான் ரீடின் 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' தொகுதியில் படமாக இருந்தது. 1753-இல் லின்னேயஸ் அதற்குக் குளோரியோசா சுபெர்பா என்று பெயர் சூட்டினார். அதில் கோல்சிசின் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1880-இல் கல்கத்தாவில் வார்டன் என்ற வேதியியல் பேராசிரியர் கிழங்கிலிருந்து ஒரு கசப்புப் பொருளைப் பிரித்து 'சுபெர்பின்' என்று பெயரிட்டு, அது காட்டு வெங்காயத்தின் நஞ்சைப் போன்றது என்று நினைத்துக்கொண்டார். சென்னையில் முகைதீன் ஷெரீப் என்ற மருத்துவர், திருவல்லிக்கேணியில் பெயர் பெற்றவர், கிழங்கைச் சிறு அளவில் தானே சாப்பிட்டுப் பார்த்து, ஊர் பயப்படும் அளவுக்கு இதில் நஞ்சில்லை என்று எழுதினார். துணிச்சல்காரர். அவருக்குக் கிடைத்த கிழங்கில் சரக்கு குறைவாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். 1915-இல்தான் கிளூவர், கிரீன், டுட்டின் என்ற மூன்று வேதியியலாளர்கள், கண்வலிக்கிழங்கில் இருப்பது கோல்சிசின் என்று உறுதியாகக் காட்டினார்கள். அதாவது, கௌட்டுக்குக் கோல்சிசின் கொடுக்கத் தொடங்கி வெகுகாலம் ஆன பிறகுதான் நம் வேலியிலும் அது இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து எத்தனையோ எடுத்துப் போயிருக்கிறான், கணக்கு நீளம். இந்தக் கணக்கில் மட்டும் அவன் பெயரை எழுத முடியாது.

சொல்லப்போனால் ஓட்டம் திரும்பிவிட்டது. ஐரோப்பியச் செடியைவிட நம் கொடியின் விதையில் சரக்கு அதிகம் என்று தெரிந்ததும் கம்பெனிகள் இங்கே வந்தன. இன்று மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம், ஜெயங்கொண்டம் பக்கம் விளையும் விதை வெளிநாட்டுக்குக் கப்பலேறுகிறது. கோல்சிசினோடு, முதுகுவலிக்கு எழுதித் தரும் தயோகோல்சிகோசைடு மாத்திரையும் இதன் வழிதான். நமக்கு மலிவாகக் கிடைக்கும் இந்தப் பழைய மருந்துக்கு அமெரிக்காவில் 2009-இல் ஒரு கம்பெனி தனி உரிமை வாங்கி, சில சென்ட் விலையில் இருந்த மாத்திரையை ஐந்து டாலர் பக்கம் ஏற்றியது. 2023-இல் அங்கே இதய நோயாளிகளுக்கும் 0.5 மி.கி. அளவில் கோல்சிசினை அனுமதித்திருக்கிறார்கள்.

மாமாவின் யோசனைக்கு வருகிறேன். நான் மருத்துவன், விவசாயத்தில் பார்த்ததும் கேட்டதும்தான் சொல்ல முடியும். ஓசூரின் செம்மண் இந்தக் கொடிக்கு ஒத்துவரும், வேலியில் அது தானாக வருவதே சாட்சி. தண்ணீர் நின்றால் மட்டும் கிழங்கு அழுகிவிடும். கிழங்கு ஆங்கில 'வி' எழுத்துப் போல இரண்டு கையோடு இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முளைதான். மூட்டை இறக்கும்போது நுனி ஒடிந்தால் அந்தக் கை போச்சு. முதல் வருடச் செலவில் பெரும்பங்கு விதைக்கிழங்குக்கே போகும், எனவே மூட்டையைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். ஆடியில் நட்டால் புரட்டாசியில் பூ எடுக்கும். கிளுவைக் குச்சியும் கம்பியும் கட்டிப் படரவிடுவார்கள். அடுத்து ஒரு வேலை இருக்கிறது. இந்தப் பூவில் சூல்முடி பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் காலையில் வெயில் ஏறுவதற்குள் பெண்கள் வரிசை வரிசையாகப் போய், ஒவ்வொரு பூவாகப் பிடித்து மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். பூக்கும் காலம் முழுவதும் தினமும். சிப்காட் கூலிக்கும் ரோஜாத் தோட்டக் கூலிக்கும் நடுவே உங்கள் ஊரில் அந்த வேலைக்கு ஆள் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். இன்னொன்று, உங்கள் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் மழையும் பனியும் சேர்ந்து வரும். பூவும் பிஞ்சுமாக நிற்கும் அந்த நேரத்தில் இலைக்கருகல் வந்தால் ஒரு வாரத்தில் தோட்டம் காய்ந்துவிடும்.

விலையைப் பற்றி மாமா சொல்வது அவருக்கு நல்ல விலை கிடைத்த வருடத்தின் கணக்காக இருக்கும். இதற்கு அரசின் ஆதார விலை கிடையாது. உள்ளூர்ச் சந்தையில் யாரும் அரைக்கிலோ வாங்கிப் போகிற பொருளும் இல்லை. வாங்குகிறவர் சிலர், அவர்கள் வைத்ததே விலை. ஒரு வருடம் ஏறும், அதைப் பார்த்து எல்லோரும் நடுவார்கள், அடுத்த வருடம் இறங்கும். ஏக்கர் கணக்கில் போகாமல் கால் ஏக்கரில் தொடங்குவதும், வாங்குபவரிடம் விலையை எழுத்தில் வாங்குவதும் நல்லது. கிழங்கைக் கையாளும்போது கையுறை வேண்டும். உடைத்த கிழங்கும் காய்த்தோலும் மாட்டுக்குப் போகும் தீவனத்தோடு சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் கால். கோல்சிசின் வலியை அணைக்கும், யூரிக் அமிலத்தைக் குறைக்காது. 9.1 அப்படியே இருந்தால் வலி திரும்ப வரும். இதைக் குறைக்கத் தனி மருந்துகள் இருக்கின்றன, தேவையா என்று மருத்துவரிடமே கேளுங்கள். அப்படியே கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அதே 0.5 மாத்திரையும் நஞ்சாகச் சேரும். வயிறு கலங்கியதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அது அளவு கூடுகிறது என்பதன் முதல் அடையாளம். முன்பெல்லாம் பேதி வரும்வரை மணிக்கு ஒரு மாத்திரை என்று கொடுத்தார்கள். குறைந்த அளவே அதே பலன் தருகிறது என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டிய பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. சளிக்கோ புண்ணுக்கோ வேறு டாக்டரிடம் போனால் கோல்சிசின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். கிளாரித்ரோமைசின் மாதிரியான சில ஆன்டிபயாடிக் அதோடு சேர்ந்தால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். ஈரலும் குடலும் பீரும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். நைட் ஷிப்டில் மெஷினை விட்டு நகர முடியவில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்களா என்பதையும் யோசியுங்கள், ஓசூர் ஆட்கள் பலரிடம் நான் பார்க்கும் குறை அது.

வேலியில் இருக்கும் கொடியைப் பிடுங்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு அம்மா பூவைப் பறித்துக்கொள்ளட்டும், பறித்ததும் கையைக் கழுவச் சொல்லுங்கள்.